பழைய மடிக்கணினியில் லினக்ஸ்: ஆல்-இன்-ஒன் பிரிண்டரை இயங்க வைப்பது எப்படி?

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால் கணினியில் டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். இன்டெல் செயலியாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. இதனால், நல்ல நிலையில் இருக்கும் பல மடிக்கணினிகள் இந்த மாற்றத்தில் தேறுவதில்லை.

புதிய கணினி வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு இருக்கும் ஒரு வழி லினக்ஸ். லினக்ஸ் மிண்ட், உபுண்டு போன்ற வெளியீடுகள் இலவசம். பத்தாண்டு பழைய மடிக்கணினியிலும் அவை ஓடும். இணையம் பார்க்கலாம், கடிதம் தட்டலாம், பிள்ளைகள் இணைய வகுப்பில் அமரலாம். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிரிண்டரை இணைத்தால் அது அசையாது. அல்லது அச்சாகும், ஸ்கேன் ஆகாது. பலர் லினக்ஸைக் கைவிட்டு மீண்டும் பட்டணத்து நகலகத்தின் வாசலில் நிற்பது இந்த இடத்தில்தான்.

பெரும்பாலான ஆல்-இன்-ஒன் பிரிண்டர்களை லினக்ஸில் முழுமையாக இயக்க முடியும். எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தால் போதும்.

வீட்டிலேயே ஸ்கேன் செய்வது ஏன் முக்கியம்?

உயர்கல்வி விண்ணப்பம், கல்விக் கடன், உதவித் திட்டங்கள், வேலை மனு என இன்று எதற்குப் போனாலும் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், எஸ்.பி.எம். சான்றிதழ், சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல் கேட்கிறார்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் இதற்காக மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டணத்திற்குப் போக வேண்டியுள்ளது. கடை அடைத்திருந்தால் ஒரு நாள் வீண். இணைய விண்ணப்பத்தின் இறுதி நாள் அன்றாக இருந்தால் அந்த ஆண்டே வீண்.

செலவும் நேரமும் மட்டுமல்ல பிரச்சினை. கடையில் ஸ்கேன் செய்த அடையாள அட்டையின் படம் அந்தக் கடைக் கணினியிலேயே தங்கிவிடலாம். பலர் கை பட்ட கணினியில் பென்டிரைவைச் செருகினால் வைரஸும் கூடவே வீடு வரலாம். அடையாள அட்டை நகலின் குறுக்கே கோடிட்டு, எந்தக் காரியத்திற்காக என்று எழுதிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தாளில் அவ்வளவு கவனமாக இருப்பவர்கள், கணினியில் விட்டு வரும் நகலை மறந்துவிடுகிறார்கள்.

ஒரே பெட்டி, இரண்டு கருவிகள்

ஆல்-இன்-ஒன் பிரிண்டர் பார்ப்பதற்கு ஒரே இயந்திரம். ஆனால், லினக்ஸின் கண்ணுக்கு அது இரண்டு தனித்தனிக் கருவிகள். அச்சிடும் வேலையைக் கவனிப்பது ‘கப்ஸ்’ என்ற மென்பொருள். ஸ்கேன் செய்யும் வேலையைக் கவனிப்பது ‘சேன்’ என்ற வேறொரு மென்பொருள். ஒன்று வேலை செய்தால் மற்றதும் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. ‘பிரிண்ட் ஆகிறது, ஸ்கேன் மட்டும் ஆகவில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மூன்றாவது வேலையான நகலெடுத்தலுக்குக் கணினியே தேவையில்லை. பிரிண்டரின் மேல் உள்ள பொத்தானை அழுத்தினால் அதுவே ஸ்கேன் செய்து அதுவே அச்சிடும். எனவே, முதல் சோதனையாக ஒரு தாளை வைத்து நகலெடுத்துப் பார்க்க வேண்டும். நகல் தெளிவாக வந்தால் இயந்திரத்தில் குறையில்லை. இனித் தேட வேண்டியது கணினிப் பக்கம். நகலே கோடு கோடாக வந்தாலோ, வெறும் தாளாக வந்தாலோ, கோளாறு மையிலோ அச்சு முனையிலோ இருக்கிறது. அதற்கு லினக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிரிண்டரில் தொடங்கிய கதை

கட்டற்ற மென்பொருள் இயக்கத்திற்கும் பிரிண்டருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் ஒரு ஸெராக்ஸ் லேசர் பிரிண்டர் இருந்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். அங்கு நிரலாளராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், தாள் சிக்கியதைப் பயனர்களுக்குத் தெரியப்படுத்தும் வசதியைப் பிரிண்டர் மென்பொருளில் சேர்க்க விரும்பினார். முந்தைய பிரிண்டரில் அவர் அப்படித்தான் செய்திருந்தார். இம்முறை மூல நிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரும், வெளியே கொடுப்பதில்லை என்று உறுதி அளித்திருந்ததால் தர மறுத்துவிட்டார். அந்த அனுபவம் தன்னை எப்படி மாற்றியது என்பதை ஸ்டால்மன் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1983-இல் அவர் அறிவித்த குனு திட்டமும், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருநிரலும் சேர்ந்ததே இன்று நாம் லினக்ஸ் என்று அழைக்கும் இயங்குதளம்.

கப்ஸ் மென்பொருளை மைக்கேல் ஸ்வீட் என்பவர் உருவாக்கினார். அது 1999-இல் வெளியானது. 2002-இல் ஆப்பிள் நிறுவனம் அதைத் தன் மேக் கணினிகளில் சேர்த்தது. 2007-இல் அதன் மூல நிரல் உரிமையையே வாங்கியது. இன்று மேக் கணினியிலும் குரோம்புக்கிலும் அச்சிடும் வேலையைச் செய்வது கப்ஸ்தான். லினக்ஸுக்கான கப்ஸை இப்போது ஓப்பன் பிரிண்டிங் என்ற தன்னார்வக் குழு பராமரிக்கிறது.

டிரைவர் தேவைப்படாத காலம்

ஒரு காலத்தில் ஒவ்வொரு பிரிண்டருக்கும் தனி டிரைவர் வேண்டும். உற்பத்தி நிறுவனம் விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டால் லினக்ஸ் பயனர்கள் கையைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

நிலைமையை மாற்றியது கைப்பேசி. 2010-இல் ஆப்பிள் நிறுவனம் ஏர்பிரிண்ட் வசதியைக் கொண்டு வந்தது. ஐபோனில் டிரைவர் நிறுவ முடியாது என்பதால், எந்தப் பிரிண்டரானாலும் ஒரே மொழியில் பேச வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. அதே அடிப்படையில் ஐ.பி.பி. எவ்ரிவேர் என்ற பொதுத் தரமும் வந்தது. கைப்பேசிக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு லினக்ஸுக்கும் பயன்பட்டது. கைப்பேசியிலிருந்து நேரடியாக அச்சிடக்கூடிய பிரிண்டர் என்றால், அது லினக்ஸிலும் டிரைவர் இல்லாமல் இயங்கும் வாய்ப்பு மிக அதிகம்.

ஸ்கேன் செய்வதற்கும் இதுபோன்ற பொது முறை உண்டு. லினக்ஸில் அதைப் புரிந்துகொள்வது ‘சேன்-ஏர்ஸ்கேன்’ எனும் மென்பொருள். யூ.எஸ்.பி. கம்பியில் இணைத்த பிரிண்டரையும் வலையமைப்புப் பிரிண்டர் போலவே பேச வைப்பது ‘ஐபிபி-யூஎஸ்பி’ எனும் இன்னொரு மென்பொருள். 2021-இல் வெளியான டெபியன் 11-லும் 2022-இல் வெளியான லினக்ஸ் மிண்ட் 21-லும் இந்த வசதிகள் உண்டு. அடுத்து வந்த பதிப்புகளிலும் தொடர்கின்றன. ஆகவே, பழைய பதிப்பை வைத்துக்கொண்டு போராடுவதைவிடப் புதிய பதிப்பை நிறுவுவதே முதல் மருந்து.

படிப்படியாக இணைக்கும் முறை

முதலாவதாக, கணினியை இணையத்தில் இணைத்து, அப்டேட் மேனேஜர் வழியாக எல்லாப் புதுப்பிப்புகளையும் நிறுவ வேண்டும். 2024 செப்டம்பரில் கப்ஸ் சார்ந்த மென்பொருள்களில் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டன. புதுப்பிக்காத கணினியில் அந்த ஓட்டை அப்படியே இருக்கும்.

இரண்டாவதாக, கம்பியா வைஃபையா என்று முடிவு செய்ய வேண்டும். வீட்டில் பிராட்பேண்ட் இல்லாமல் கைப்பேசித் தரவை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு யூ.எஸ்.பி. கம்பியே சிறந்தது. வைஃபை மோடம் இருக்கும் வீடுகளில் வைஃபை வசதியானது. ஆனால், ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரை அவை பட்டியலிலேயே காட்டா. இரண்டு அலைவரிசைகளுக்கும் வெவ்வேறு பெயர் வைத்திருந்தால், பிரிண்டரை 2.4-இல் இணைக்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் பிரிண்டரை இணைக்கக்கூடாது. அதில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி தடுக்கப்பட்டிருக்கும்.

மூன்றாவதாக, பிரிண்டரை இயக்கி ஒரு நிமிடம் காத்திருந்து, ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘பிரிண்டர்ஸ்’ என்பதைத் திறக்க வேண்டும். புதிய பதிப்புகளில் பிரிண்டரின் பெயர் தானாகவே பட்டியலில் வந்திருக்கும். அதன்மேல் சொடுக்கிச் சோதனைப் பக்கம் ஒன்றை அச்சிட்டால் வேலை முடிந்தது.

நான்காவதாக, பெயர் வரவில்லையென்றால் ‘ஆட்’ பொத்தானை அழுத்தித் தேட வேண்டும். ஒரே பிரிண்டர் இரண்டு மூன்று பெயர்களில் தோன்றினால், ஐ.பி.பி. என்றோ டிரைவர்லெஸ் என்றோ குறிப்பிட்டிருப்பதை முதலில் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஐந்தாவதாக, அங்கும் ஒன்றும் தெரியவில்லை என்றால், கணினி அந்தப் பிரிண்டரை உணர்கிறதா என்பதையே சோதிக்க வேண்டும். ‘டெர்மினல்’ என்ற கறுப்புத் திரையைத் திறந்து எல், எஸ், யூ, எஸ், பி என்ற ஐந்து ஆங்கிலச் சிறிய எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டி என்டர் அழுத்தினால், யூ.எஸ்.பி.யில் இணைந்துள்ள எல்லாக் கருவிகளின் பெயரும் வரும். அதில் பிரிண்டர் நிறுவனத்தின் பெயரே இல்லையென்றால் கோளாறு கம்பியில் இருக்கிறது. கம்பியை மாற்றியோ, வேறு துளையில் செருகியோ பார்க்க வேண்டும்.

கப்ஸுக்கென்று ஒரு நிர்வாகப் பக்கமும் உண்டு. இணைய உலாவியின் முகவரிப் பெட்டியில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, 631 என்ற எண்ணைச் சேர்த்தால் அது திறக்கும். இதற்கு இணையம் தேவையில்லை. அது நம் கணினிக்குள்ளேயே இருக்கும் பக்கம். பிரிண்டர் சேர்த்தல், நீக்கல், சிக்கிய வேலைகளை அழித்தல் அனைத்தையும் அங்கே செய்யலாம். கடவுச்சொல் கேட்டால் கணினியைத் திறக்கும் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும்.

நிறுவனம் வாரியாக ஒரு பார்வை

டிரைவர் இல்லா முறை கைகொடுக்காத பழைய பிரிண்டர்களுக்கு நிறுவனங்களின் மென்பொருளை நாட வேண்டும்.

ஹெச்.பி.: இந்நிறுவனம் ‘ஹெச்பிலிப்’ எனும் திறந்த மூல மென்பொருளை வழங்குகிறது. லினக்ஸ் மிண்ட், உபுண்டு ஆகியவற்றில் அது கிடைக்கும். டெர்மினலில் ‘ஹெச்பி’, ஒரு சிறுகோடு, ‘செட்டப்’ என ஆங்கிலத்தில் சேர்த்துத் தட்டினால் வழிகாட்டும் திரை வரும். அச்சு, ஸ்கேன் இரண்டையும் அதுவே அமைத்துத் தரும். சில மாடல்களுக்கு, குறிப்பாகச் சில லேசர்ஜெட் வகைகளுக்கு, ‘பிளகின்’ எனும் கூடுதல் கோப்பைப் பதிவிறக்க வேண்டியிருக்கும். அந்தக் கோப்பின் பதிப்பு எண்ணும் ஹெச்பிலிப்பின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘நேற்றுவரை ஓடியது, அப்டேட் செய்ததும் நின்றுவிட்டது’ என்றால், பிளகினை மீண்டும் பதிவிறக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

எப்சன்: மைத் தொட்டி வைத்த எப்சன் பிரிண்டர்களை நம் வீடுகளிலும் சிறு கடைகளிலும் நிறையப் பார்க்கலாம். அவற்றில் பலவற்றிற்கு ‘இஎஸ்சி/பி-ஆர்’ எனும் திறந்த மூல டிரைவர் உண்டு. லினக்ஸ் மென்பொருள் களஞ்சியத்திலேயே அது கிடைக்கும். ஸ்கேன் செய்ய ‘எப்சன் ஸ்கேன் 2’ என்ற மென்பொருளை நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து தனியாக இறக்க வேண்டும்.

பிரதர்: இந்நிறுவனம் டெபியன் குடும்பத்திற்கும் ஃபெடோரா குடும்பத்திற்கும் தனித்தனியே தொகுப்புகளை வெளியிடுகிறது. இங்கு அச்சு டிரைவர் வேறு, ‘பிஆர்ஸ்கேன்’ எனும் ஸ்கேன் டிரைவர் வேறு. இரண்டையும் நிறுவ வேண்டும். வைஃபையில் ஸ்கேன் செய்வதானால் பிரிண்டரின் ஐ.பி. முகவரியைப் பிஆர்ஸ்கேனில் பதிந்து வைக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவறவிட்டவர்கள்தான் ஸ்கேனர் தெரியவில்லை என்று தவிக்கிறார்கள்.

கேனன்: மைப் பிரிண்டர்களில் பலவற்றிற்கு லினக்ஸ் டிரைவரும் ஸ்கேன் மென்பொருளும் நிறுவனத்தின் தளத்தில் உண்டு. பிக்ஸ்மா வகையைச் சேர்ந்த பல மாடல்களின் ஸ்கேனரைச் சேன் மென்பொருளே நேரடியாக அடையாளம் காணும். எதையும் இறக்க வேண்டியதில்லை. பழைய சிறிய லேசர் பிரிண்டர்கள் சில சற்றுச் சிரமம் தரும்.

சாம்சுங்: இதன் பிரிண்டர் பிரிவை 2017-இல் ஹெச்.பி. வாங்கிவிட்டது. பழைய சாம்சுங் லேசர் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் டிரைவரை ஹெச்.பி. தளத்தில் தேட வேண்டும்.

டிரைவரை எப்போதும் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ, லினக்ஸ் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தோ மட்டும் எடுக்க வேண்டும். தேடினால் முதலில் வரும் முகம் தெரியாத தளங்களைத் தவிர்ப்பது நலம்.

ஸ்கேன் செய்தல்

லினக்ஸ் மிண்ட், உபுண்டு இரண்டிலும் ‘டாகுமெண்ட் ஸ்கேனர்’ எனும் எளிய செயலி உண்டு. ஸ்கேனர் சரியாக அமைந்திருந்தால், அதைத் திறந்து ‘ஸ்கேன்’ பொத்தானை அழுத்தினாலே போதும். சான்றிதழ்களுக்கு ‘டெக்ஸ்ட்’ என்பதையும், படங்களுக்கு ‘இமேஜ்’ என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். பல பக்கங்களைத் தொடர்ந்து ஸ்கேன் செய்து ஒரே பி.டி.எஃப். கோப்பாகச் சேமிக்கலாம்.

ஸ்கேனின் நுணுக்கத்தை 300 டி.பி.ஐ. என்று வைத்தால் எழுத்து தெளிவாக இருக்கும். 600-க்கு மேல் வைத்தால் கோப்பு பெருத்துவிடும். விண்ணப்பத் தளங்கள் பல, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்பதில்லை. கோப்பு பெரிதாக இருந்தால் 150 அல்லது 200-இல் மீண்டும் ஸ்கேன் செய்வது நல்ல வழி.

ஸ்கேனர் தெரியவில்லை என்றால், டெர்மினலில் ‘ஸ்கேன்இமேஜ்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோட்டோடு ‘எல்’ என்ற பெரிய எழுத்தைத் தட்டிப் பார்க்கலாம். ஸ்கேனரின் பெயர் அங்கு வந்தால், சேன் அதைக் கண்டுகொண்டது என்று பொருள். செயலியை மூடித் திறந்தால் போதும். வராவிட்டால் ‘சேன்-ஏர்ஸ்கேன்’ நிறுவப்பட்டுள்ளதா, நிறுவனத்தின் ஸ்கேன் டிரைவர் தேவைப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்கேன் செய்த தாளிலிருந்து எழுத்துகளை மட்டும் பிரித்தெடுக்கவும் வழியுண்டு. ‘டெசராக்ட்’ எனும் இலவச மென்பொருள் தமிழையும் மலாயையும் படிக்கும். இதை முதலில் உருவாக்கியது ஹெச்.பி. நிறுவனம், 2005-இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. தமிழ் வாசிப்பில் பிழைகள் இருக்கும் என்பதால் ஒரு முறை திருத்திப் படிக்க வேண்டும். ஆனாலும், பழைய ஆலய மலரையோ சங்கக் கூட்டக் குறிப்பையோ முழுவதும் மீண்டும் தட்டச்சு செய்வதைவிட இது எளிது.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

அச்சிடச் சொன்னால் ஒன்றும் நடக்கவில்லை: தாள் தீர்ந்தோ கம்பி கழன்றோ ஒரு முறை அச்சு தடைபட்டால், கப்ஸ் அந்தப் பிரிண்டரை நிறுத்தி வைத்துவிடலாம். கோளாற்றைச் சரிசெய்த பின்னும் அது தானாகத் தொடங்காது. ‘பிரிண்டர்ஸ்’ பகுதியில் அதை மீண்டும் இயக்க வேண்டும். அதற்கு முன் வரிசையில் தேங்கியிருக்கும் பழைய வேலைகளை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பத்து முறை அழுத்திய பக்கம் பத்துத் தாளாகக் கொட்டும்.

பக்கத்தின் மேலும் கீழும் வெட்டுப்படுகிறது: கணினியின் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால், தாள் அளவு ‘லெட்டர்’ என்று அமைந்திருக்கும். நம் நாட்டில் பயன்படுவது ஏ4. லெட்டர் தாளைவிட ஏ4 நீளமானது, சற்றுக் குறுகலானது. பிரிண்டர் அமைப்பிலும், லிப்ரே ஆபிஸ் போன்ற செயலியின் பக்க அமைப்பிலும் ஏ4 என்று மாற்ற வேண்டும். தட்டில் தாள் இருந்தும் ‘தாள் இல்லை’ என்று பிரிண்டர் அடம்பிடிப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

நேற்று வைஃபையில் வேலை செய்தது, இன்று காணவில்லை: மின்தடைக்குப் பின் மோடம் பிரிண்டருக்கு வேறு ஐ.பி. முகவரியைக் கொடுத்திருக்கலாம். பிரிண்டரையும் மோடத்தையும் அணைத்துத் திறந்து பார்க்கலாம். மீண்டும் மீண்டும் நடந்தால், மோடம் அமைப்பில் பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கிவிடுவது நிரந்தரத் தீர்வு.

நிறுவன டிரைவரைப் போட்ட பின்னும் யூ.எஸ்.பி. பிரிண்டர் தெரியவில்லை: ‘ஐபிபி-யூஎஸ்பி’ மென்பொருள் பிரிண்டரைத் தன் பிடியில் வைத்திருந்தால், வேறு டிரைவரால் அதை நெருங்க முடியாது. டிரைவர் இல்லா முறை சரிவரவில்லை என்று உறுதியான பின், ‘ஐபிபி-யூஎஸ்பி’, ‘சேன்-ஏர்ஸ்கேன்’ இரண்டையும் நீக்கிவிட்டு, கணினியை மறுமுறை தொடங்கி, நிறுவன டிரைவரைக் கொண்டு பிரிண்டரைச் சேர்க்க வேண்டும்.

டிரைவர் நிறுவ மறுக்கிறது: நிறுவனங்கள் தரும் டிரைவர்களில் பல, இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளுக்கு மட்டுமே எழுதப்பட்டவை. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிகளில் அவை ஓடா. அங்கு டிரைவர் இல்லா முறையையோ திறந்த மூல டிரைவரையோ பயன்படுத்த வேண்டும்.

நிறம் மங்கல், கோடுகள்: மைப் பிரிண்டரைப் பல வாரம் பயன்படுத்தாமல் விட்டால் அச்சு முனை காய்ந்துவிடும். அதைச் சுத்தம் செய்யும் வசதி பிரிண்டரின் பொத்தான்களிலேயே இருக்கும். சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் மை செலவாகும். வாரத்திற்கு ஒரு வண்ணப் பக்கம் அச்சிட்டு வருவது அதைவிட மலிவு.

தமிழ் எழுத்து சரியாக வர

பிரிண்டர் சரியாக இருந்தும் தமிழ் மட்டும் குழம்பி வருவது நம்மவர்களுக்கே உரிய சிக்கல். கணினித் தமிழில் மலேசியாவுக்கு முக்கிய இடம் உண்டு. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் 1985-இல் இங்குதான் பிறந்தது. யூனிகோட் பரவலாகும் முன் பலவகைக் குறியாக்கங்களும் எழுத்துருக்களும் புழங்கின. அந்தக் காலத்தில் தட்டச்சு செய்த பள்ளிப் பயிற்றிகளும் ஆலய அறிக்கைகளும் இன்றும் பலரிடம் உள்ளன. அவற்றுக்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதில் புரியாத குறிகளே தெரியும். அச்சிலும் அப்படியே வரும். அந்த எழுத்துருவை நிறுவ வேண்டும், அல்லது கோப்பை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

யூனிகோட் கோப்பாக இருந்தாலும் இன்னொன்று நடக்கலாம். விண்டோஸோடு வரும் லதா போன்ற எழுத்துருக்கள் லினக்ஸில் இருக்கா. அதற்குப் பதிலாக நோட்டோ, லோகித் போன்றவை பயன்படும். எழுத்தின் அகலம் மாறுவதால் ஒரு பக்கக் கேள்வித்தாள் இரண்டு பக்கமாக நீளும். கோப்பை உருவாக்கிய கணினியிலேயே பி.டி.எஃப். ஆக்கிக்கொண்டு வந்தால் இந்தத் தொல்லை இல்லை. எழுத்துருவும் பி.டி.எஃப். கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும் என்பதால், எங்கு அச்சிட்டாலும் ஒரே மாதிரி இருக்கும்.

ஒரு பிரிண்டர், பல வீடுகள்

பழைய யூ.எஸ்.பி. பிரிண்டரில் வைஃபை இல்லையென்று ஒதுக்க வேண்டாம். அதை ஒரு பழைய லினக்ஸ் கணினியில் இணைத்து, கப்ஸ் நிர்வாகப் பக்கத்தில் பகிர்வு வசதியை இயக்கிவிட்டால், அதே வைஃபையில் உள்ள மற்றக் கணினிகளும் கைப்பேசிகளும் அதில் அச்சிடலாம். ஐபோன் அதை ஏர்பிரிண்ட் பிரிண்டராகவே பார்க்கும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அறைக்கோ, ஆலய அலுவலகத்திற்கோ, தோட்டச் சமூக நிலையத்திற்கோ இது பொருத்தமான ஏற்பாடு. பலர் பயன்படுத்தும் இடத்தில், ஸ்கேன் செய்த அடையாள ஆவணங்களை உடனுக்குடன் அழித்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

புதிதாகவோ இரண்டாம் கையாகவோ பிரிண்டர் வாங்குபவர்கள், பெட்டியில் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் லினக்ஸில் அச்சிடுவதில் கவலை பெரும்பாலும் இல்லை. ஸ்கேனுக்கு அந்த மாடலின் பெயரோடு ‘லினக்ஸ்’ என்று சேர்த்து இணையத்தில் தேடிப் பார்த்துக்கொள்வது நல்லது. எப்போதும் இணையத்தோடு இணைந்திருக்க வேண்டும், நிறுவனத்தின் அசல் மையை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு விற்கப்படும் மாடல்களும் சந்தையில் உள்ளன. தோட்டப்புறத்தில் இணையம் விட்டுவிட்டு வரும் வீட்டிற்கு அவை ஒத்துவரா.

வாய்ப்பிருந்தால், வாங்கும் முன்பே சோதித்துப் பார்க்கலாம். லினக்ஸ் மிண்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே இயக்க முடியும். நண்பர் வீட்டுப் பிரிண்டரானாலும், இரண்டாம் கைக் கடையில் உள்ளதானாலும், கம்பியைச் செருகி ஒரு பக்கம் அச்சிட்டு, ஒரு பக்கம் ஸ்கேன் செய்து பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகு, பிரிண்டரின் மாடல் எண், நிறுவிய டிரைவரின் பெயர், வைஃபை முகவரி மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பிரிண்டரின் பின்புறம் ஒட்டி வைப்பது பயன் தரும். விண்ணப்பத்தின் இறுதி நாளன்று இரவு பிரிண்டர் முரண்டுபிடித்தால், அமைத்துக் கொடுத்த பிள்ளை வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாலும், வீட்டில் இருப்பவர்கள் அந்தத் தாளைப் பார்த்துத் தாங்களே மீண்டும் இணைத்துக்கொள்ளலாம்.